வாசகர் கேள்வி – பதில்: வேலிக்கு அப்பால் ஆமிஷ் பண்ணயம்

சென்ற இதழில் ஆமிஷ் உழவர்களைப் பற்றிய நினைவுக் கட்டுரை ஒன்று வெளியானது. வாழப்பாடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர் வட்டாரத்தில் பால் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, இப்போது ஏற்காட்டில் குடியிருப்பவர் அதை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுச் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள் இங்கே.

ஆமிஷ் மக்கள் மின்சாரத்தையும் காரையும் பாவம் என்று ஒதுக்குகிறார்களாமே, உண்மையா? அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள்?
— ஒரு வாசகர், ஓமலூர்

பாவம் என்று ஒதுக்கவில்லை. ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் குடும்பமும் சபையும் என்ன ஆகும் என்று கூடிப் பேசி, ஆகாது என்று தோன்றியதை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில், விவரம் தெரிந்த வயதில் தானாக விரும்பி ஏற்பதே ஞானஸ்நானம் என்று சொன்னதற்காகக் கொடுமையாக வேட்டையாடப்பட்ட கிறிஸ்தவப் பிரிவினரின் வழிவந்தவர்கள் இவர்கள். அந்தப் பிரிவிலிருந்து 1693இல் யாகோப் அம்மான் என்ற போதகரின் தலைமையில் தனியாகப் பிரிந்தவர்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவில் மத சுதந்திரம் இருந்ததால், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து அங்கே வந்து நிலம் வாங்கிக் குடியேறினார்கள். வீட்டில் பேசுவது பழைய ஜெர்மன் வட்டார வழக்கு. வேதம் வாசிப்பது ஏட்டு ஜெர்மன். எங்களைப் போன்ற வெளியாரிடம் ஆங்கிலம். கோயில் கட்டடம் என்று எதுவும் கிடையாது. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. அது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடும். சபைக்குச் சொந்தமான பலகை இருக்கைகளை வண்டியில் ஏற்றி முன்கூட்டியே அந்த வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். போதகர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆண்களும் பெண்களும் பெயர் சொல்ல, அப்படி வந்தவர்களுள் ஒருவரைச் சீட்டு விழும்படி தேர்ந்தெடுக்கிறார்கள். பாட்டுப் புத்தகங்களுள் ஒன்றில் சீட்டை மறைத்து வைத்து, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொல்வார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் பள்ளியில் படித்த எனக்கு, இந்த முறையைக் கேள்விப்பட்ட நாளிலிருந்தே அவர்கள் மீது ஒரு நெருக்கம் உண்டாகிவிட்டது.

எதைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்பதைச் சபையே முடிவு செய்கிறது. ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசி எல்லோரும் இசைவு தெரிவித்த பிறகே, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து வழிபாடு நடக்கும். 1920 வாக்கில் லான்காஸ்டர் சபைகள் விலக்கியது ஊர்க் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பியைத்தான். பேட்டரியையோ டீசல் எஞ்சினையோ விலக்கவில்லை. எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டி உண்டு, அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் தையல் இயந்திரம்கூட உண்டு. தொலைபேசி வீட்டுக்குள் இருக்காது. பாதையோரத்துச் சிறு மரக்கூண்டில் இருக்கும், சில இடங்களில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்றாகவும் இருக்கும். காரில் ஏறிப் போகலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகும் குதிரை வண்டிதான் சொந்த வாகனம் என்றால், உறவும் கடையும் சபையும் அந்தத் தொலைவுக்குள்ளேயே அமைந்துவிடும். அதற்காகத்தான் காரை ஒதுக்கினார்கள்.

டிராக்டர் இல்லாமல் அறுபது, எழுபது ஏக்கரில் எப்படிப் பண்ணயம் பார்க்கிறார்கள்? எங்கள் ஊரில் ஐந்து ஏக்கருக்கே ஆள் கிடைக்கவில்லை.
— ஒரு பாக்குத் தோட்டக்காரர், வாழப்பாடி

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி நம்மவர்களிடம் உள்ள படம் பெரும்பாலும் தவறானது. அவர்கள் கலப்பையும் கையுமாக நிற்கும் பழங்காலத்து மனிதர்கள் அல்லர். லான்காஸ்டரில் வயல் வேலைக்குப் பெரும்பாலும் கோவேறு கழுதைகள். உருவத்தில் நம் ஊர்க் கழுதையை மறந்துவிடுங்கள், நல்ல குதிரை உயரம் இருக்கும். நான்கையோ ஆறையோ பக்கம் பக்கமாகப் பூட்டி, இரும்புச் சக்கரக் கலப்பையில் அமர்ந்தபடியே உழுவார்கள். வீதியில் வண்டி இழுப்பது வேறு வகைக் குதிரை. பந்தயக் களத்திலிருந்து கழித்துவிட்ட ஓட்டக் குதிரைகளை ஏலத்தில் எடுத்து வந்து வண்டிக்குப் பழக்கிக்கொள்கிறார்கள்.

என் வாடகை வீட்டுக்கு மேற்கே இருந்த பண்ணையில் மக்காச்சோளம், குதிரைமசால், கொஞ்சம் கோதுமை, சிறு துண்டு நிலத்தில் புகையிலை ஆகியவை மாறி மாறி வரும். குதிரைமசாலை அறுத்துக் காயப்போட்ட மூன்றாம் நாள் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆறு கோவேறு கழுதைகள் ஒரு பேலர் இயந்திரத்தை இழுத்து வரும். அந்த இயந்திரத்தின் மேலேயே ஒரு சிறு எஞ்சின் ஏற்றப்பட்டிருக்கும்; புல்லை வாரி அழுத்திக் கயிறு கட்டுவது அதன் வேலை, நகர்த்துவது மட்டுமே விலங்குகளின் வேலை. பின்னால் இணைத்த தட்டு வண்டியில் மூத்த மகன் நின்று, துள்ளி வரும் கட்டுகளைக் கொக்கியால் இழுத்துச் செங்கல் வரிசை போல மாற்றி மாற்றி அடுக்குவான். மேற்கே இடி கேட்டுவிட்டால் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து சொல்லாமலே வண்டிகள் வந்து சேரும். மழை விழுவதற்குள் கட்டுகள் கொட்டகையின் மாடிக்கு ஏறிவிடும். பிறகு சமையலறைத் திண்ணையில் எல்லோருக்கும் புதினாத் தேநீர் வரும். அந்த உதவிக்குக் கூலிக் கணக்கு இல்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக் குதிரைமசால் காய்ந்திருக்கும்போது இந்த வீட்டு வண்டி அங்கே போய் நிற்கும்.

டிராக்டரும் அந்தப் பண்ணையில் இருந்தது. கொட்டகை ஓரத்தில் நின்றபடி பெல்ட் மாட்டித் தீவனம் நறுக்கவும், நறுக்கிய மக்காச்சோளத் தட்டை உயரமான குதிருக்குள் ஊதி ஏற்றவும் அதை ஓட்டுவார்கள். வயலில் மட்டும் அது இறங்காது. ஏன் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் நான் கேட்டபோது அவர் சொன்ன பதிலின் சாரம் இது: டிராக்டர் வந்தால் நாளுக்கு நாலு மடங்கு உழலாம், நாலு மடங்கு உழ முடிந்தவனுக்குத் தன் நிலம் போதாது, அடுத்துக் கண் போவது பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தின் மேல். அப்படி ஆகிவிட்டால் மழை வரும் நாளில் வண்டி கொண்டு வர ஆள் இருக்க மாட்டான்.

ஆள் கிடைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வீட்டில் ஆறேழு குழந்தைகள் இருப்பது அங்கே இயல்பு; எல்லோரும் பண்ணை வேலை பழகியவர்கள். வேலையும் ஆண்டு முழுவதும் பரவியிருக்கும்படி பயிர்களை வைத்திருக்கிறார்கள். புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: கோடை தொடக்கத்தில் நாற்று நடுவார்கள், கோடை முடிவில் செடியோடு வெட்டி மரச்சட்டங்களில் கோத்துக் கொட்டகையில் தொங்கவிடுவார்கள். வெளியே பனி உறைந்து வேறு வேலை எதுவும் ஓடாத மார்கழி, தை மாதங்களில் அடுப்பு மூட்டிய சிறு அறையில் தாத்தா முதல் பேரன் வரை உட்கார்ந்து இலை உரிப்பார்கள். அந்த அறையின் வாசம் உடையில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. நம் பக்கத்தில் பாக்கும் மரவள்ளியும் ஒரே பயிராகப் பரவிய பிறகு, வேலை சில வாரங்களில் குவிந்து, மற்ற மாதங்களில் ஆளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. ஆள் தட்டுப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மின்சாரம் இல்லாமல் பாலை எப்படிக் கெடாமல் வைக்கிறார்கள்? ஒரு நேரம் கரண்ட் போனாலே எங்கள் சங்கத்தில் பதற்றம் வந்துவிடுகிறது.
— ஒரு பால் உற்பத்தியாளர், ஆத்தூர்

என் பிழைப்பே அந்தப் பாலை நம்பித்தான் இருந்தது என்பதால் இதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். முன்பு கேன்களில் பாலை ஊற்றி, ஊற்றுநீர் ஓடும் தொட்டியில் இறக்கிக் குளிரவைத்தார்கள். 1960களில் பால் நிறுவனங்கள், பாலைப் பெரிய எஃகுத் தொட்டியில் குளிர்வித்துத் தந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டன. குளிரூட்ட மின்சாரம் வேண்டும், பாலைத் தொட்டியில் அவ்வப்போது கலக்கிவிடவும் வேண்டும். மறுத்தால் பால் விற்பனை நின்றுவிடும், பால் நின்றால் பண்ணை கைவிட்டுப் போகும். லான்காஸ்டர் சபைத் தலைவர்கள் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசினார்கள். டீசல் எஞ்சின் குளிரூட்டும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி கலக்கியை ஓட்டும், மின்கம்பி வராது என்று முடிவாயிற்று. அதோடு ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க லாரி வரக் கூடாது என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் லாரி வராமல் இருப்பது நிறுவனத்துக்குச் சிறிய தொல்லை அன்று. ஆனால் அந்த வட்டாரத்துப் பாலில் பெரும்பங்கு அவர்கள் தருவது என்பதாலும், எல்லோரும் ஒரே பேச்சாக நின்றதாலும் அது நடந்தது.

பெரும்பாலான பண்ணைகளில் நாற்பது, ஐம்பது ஹோல்ஸ்டீன் மாடுகள் இருக்கும். கறவை இயந்திரம் உண்டு, ஆனால் பாலைக் குழாய் வழியாகத் தொட்டிக்குக் கொண்டு செல்லும் அமைப்பைப் பல சபைகள் ஏற்கவில்லை; வாளியில் எடுத்துப் போய்த்தான் ஊற்ற வேண்டும். குழாய் வந்தால் நூறு, இருநூறு மாடு என்று பெருகும், வாளி இருக்கும்வரை குடும்பத்துக்குத் தாங்கும் அளவோடு நிற்கும். எங்கள் கூடத்துக்கு வரும் பால் மாதிரிகளில் மடிநோய்க்கு அடையாளமான உடல் அணுக்களையும், நுண்ணுயிரி எண்ணிக்கையையும், ஊசி மருந்து எச்சத்தையும் பார்ப்போம். மாட்டை ஒவ்வொரு வேளையும் கையால் தொட்டுப் பார்க்கும் வீட்டுப் பாலில் மடிநோய் முற்றும் முன்பே கவனிக்கப்பட்டிருப்பதையும், எஞ்சின் பழுதைத் தள்ளிப்போட்ட வீட்டுப் பாலில் கிருமி ஏறியிருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். எளிய வாழ்க்கை வாழ்ந்தால் பால் தானாகச் சுத்தமாகிவிடாது. எந்த ஊரானாலும் நாலு டிகிரிக்குக் கீழே விரைவாகக் குளிர்வித்தால்தான் பால் நிற்கும்.

ஆமிஷ் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டையும், அவர்கள் மன்னித்ததையும் பற்றிப் படித்திருக்கிறேன். உண்மையிலேயே மன்னித்தார்களா?
— ஒரு வாசகி, அயோத்தியாப்பட்டணம்

2006 அக்டோபர் 2ஆம் தேதி, நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரின் ஓரறைப் பள்ளியில் பத்துச் சிறுமிகள் சுடப்பட்டு ஐவர் இறந்தார்கள். சுட்டவன் வெளியூரான் அல்லன். அந்தப் பகுதிப் பண்ணைகளில் பால் எடுத்துச் செல்லும் லாரி ஓட்டுநர், தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். அன்றிரவே ஆமிஷ் பெரியவர்கள் அவனுடைய மனைவி மக்களைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள், அவனுடைய அடக்கத்துக்கும் போனார்கள். வந்து குவிந்த நன்கொடையில் அந்தக் குடும்பத்துக்கும் பங்கு கொடுத்தார்கள். சில நாட்களில் பள்ளிக் கட்டடத்தை இடித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் புதிய பள்ளி திறக்கப்பட்டது. மன்னித்ததால் துயரம் குறைந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பகையை மனதில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார்கள், அந்த முடிவை ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது என்று பிள்ளையை இழந்தவர்களே சொன்னார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அங்கே பெண்களின் நிலை என்ன? வேலை செய்வது மட்டும்தானா?
— ஒரு கல்லூரி மாணவி, ஏற்காடு

வேலை நிறைய. வீட்டை ஒட்டிய காய்கறித் தோட்டம் முழுக்க முழுக்கப் பெண்களின் ஆட்சி. ஆவணி, புரட்டாசியில் தக்காளி, பீன்ஸ், பீச் பழம், ஆப்பிள் எல்லாவற்றையும் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து வெந்நீரில் வேகவைத்து மூடிவிடுவார்கள். எங்கள் அண்டை வீட்டு அம்மாள் ஒருமுறை நிலவறைக்கு என்னையும் என் மனைவியையும் அழைத்துச் சென்று காட்டினார். சுவர் முழுவதும் பலகைகளில் நூற்றுக்கணக்கான சாடிகள் நிறம் வாரியாக நின்றன, ஒவ்வொரு மூடியிலும் ஆண்டு எழுதியிருந்தது. என் மனைவி பதிலுக்கு மாவடு ஊறுகாய் கொடுத்தாள். காரம் தாங்காமல் கண் கலங்கிய அந்த அம்மாள் செய்முறையை மட்டும் விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்த பின் செவ்வாய், வியாழக் கிழமைகளில் கல்யாணங்கள் நடக்கும். முந்நூறு பேர் வந்தாலும் சாப்பாடு வீட்டிலேயே. செலரிக் கீரைத்தண்டு இல்லாமல் அந்த விருந்து இல்லை என்பதால், ஆடி மாதத் தோட்டத்தில் ஒரு வீட்டார் வழக்கத்துக்கு மீறிச் செலரி நட்டிருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஊர் ஊகித்துவிடும். வாய் திறந்து அறிவிப்பது பிறகுதான்.

நீங்கள் கேட்க விரும்பியது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். பெண்கள் போதகராக முடியாது. குடும்பத்தில் கணவனின் சொல்லே இறுதிச் சொல் என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட முறை. சபையில் வாக்குரிமை உண்டு, பண்ணைக் கணக்கைப் பல வீடுகளில் பெண்களே எழுதுகிறார்கள், தையல் விரிப்பும் தின்பண்டமும் விற்கும் கடைகளைத் தாங்களே நடத்துபவர்களும் ஏராளம். இருந்தாலும் படிப்பை விரும்பும் ஒரு பெண்ணுக்கு அங்கே வழி குறுகலானது. அந்தக் குறையை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்த அமெரிக்கச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது?
— ஓர் ஆசிரியை, தாரமங்கலம்

1972இல் விஸ்கான்சின் மாநிலத்துக்கும் யோடர் என்ற ஆமிஷ் தந்தைக்கும் இடையிலான வழக்கில், எட்டாம் வகுப்புக்கு மேல் கட்டாயப்படுத்துவது அவர்களுடைய மத சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியை. அவரும் பெரும்பாலும் அதே பள்ளியில் படித்த இளம்பெண். கணக்கும் எழுத்தும் வாசிப்பும் உறுதியாகக் கற்கிறார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி டக்ளஸ், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்று மாற்றுக் கருத்து எழுதினார். நான் அவர் பக்கம்தான். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் பள்ளிக்குப் பல மைல் நடந்து படித்து முதல் பட்டதாரியான பிள்ளைகளைப் பார்க்கும் எனக்கு, பதினான்கு வயதில் கதவைச் சாத்துவதை ஏற்க முடியவில்லை.

அவர்கள் பிள்ளைகளும் வெளியேறுவதில்லையா? நிலம் எல்லோருக்கும் போதுமா?
— ஒரு வாசகர், மேச்சேரி

ஞானஸ்நானம் பெறுவது வளர்ந்த பிறகு என்பதால், பதினாறு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கயிறு விட்டுப் பார்க்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சபைக்கே திரும்புகிறார்கள். 1900இல் சில ஆயிரமாக இருந்த மக்கள்தொகை இன்று நான்கு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுக்கொரு முறை இரட்டிக்கிறது. சேர்ந்த பிறகு விலகினால் குடும்பமே ஒரே மேசையில் உண்ணாமல் தள்ளிவைக்கும். அது கடுமையான வலி.

நிலம் போதவில்லை. இன்று பெரும்பாலான ஆமிஷ் ஆண்கள் முழுநேர உழவர்கள் அல்லர். தச்சு, கட்டட வேலை, மரச்சாமான் பட்டறை என்று போய்விட்டார்கள், சிலர் மலிவான நிலம் தேடி வேறு மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பண்ணை பெரும்பாலும் கடைசி மகன்களில் ஒருவனுக்குப் போகும். பெற்றோர் அதே வீட்டை ஒட்டிக் கட்டிய சிறு வீட்டுக்குத் தள்ளிக்கொள்வார்கள், சமையல் தனி, வேலைக்குக் கை கொடுப்பது மட்டும் நிற்காது. முதியோர் இல்லம் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

லான்காஸ்டரில் நம் மாவட்டம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. விளைநிலத்தை மனையாக மாற்றும் உரிமையை மட்டும் உழவரிடமிருந்து விலைக்கு வாங்கி, அந்த நிலம் என்றைக்கும் விளைநிலமாகவே இருக்கும்படி பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். நிலம் உழவருடையதே, விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், மனை போட முடியாது. அரசுப் பணம் வாங்கத் தயங்கும் ஆமிஷ் குடும்பங்களுக்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்றும் இதே வேலையைச் செய்கிறது. இப்படிக் காக்கப்பட்ட நிலம் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். சேலத்திலிருந்து எந்தச் சாலையில் போனாலும் கல் நட்டுக் கொடி கட்டிய மனைகளைப் பார்க்கும் நமக்கு இப்படி ஒரு வழி இருப்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் முறையை நம் ஊரில் பின்பற்ற முடியுமா?
— ஓர் இளம் விவசாயி, எடப்பாடி

கோவேறு கழுதையையும் சாம்பல் நிற வண்டியையும் இங்கே கொண்டு வருவதில் பொருளில்லை. அவர்களிடம் நான் மதித்தது, வாங்குவதற்கு முன்பு கூடிப் பேசும் பழக்கத்தை.

நம் கிணறுகளைப் பாருங்கள். என் தந்தை கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், சால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கிணறு ஊறும் அளவுக்கு மேல் நீரை எடுக்க முடியாது. எண்ணெய் எஞ்சின் வந்தது, மின்மோட்டார் வந்தது, 1990 முதல் மின்சாரம் எல்லா உழவர்களுக்கும் இலவசமாயிற்று. நன்மைகள் பெரியவை, கவலை மாட்டின் பின்னால் நடந்து தேய்ந்த கால்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் முந்நூறு அடி போட்டால் நாம் ஐந்நூறு, அவர் எண்ணூறு, நாம் ஆயிரம் என்று தனித்தனியாக இறங்கினோம். எவ்வளவு ஆழம் வரை, எந்தப் பயிருக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று ஒரு முறையாவது ஊர் கூடி உட்கார்ந்து பேசியிருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் போர்வெல் கடன் ஏறியிருக்காது. மாத்தாள் முறையும் இப்படித்தான் போயிற்று. உன் காட்டில் நான் நட, என் காட்டில் நீ நட என்று இருந்தது யாரும் தடை செய்யாமலே மறைந்துவிட்டது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆமிஷ் சபையின் கட்டுப்பாடு, வளர்ந்த பிறகு தானாக விரும்பிச் சேர்ந்தவர்களுக்கு உள்ளது. நம் பக்கத்து ஊர்க்கட்டுப்பாடு சாதியின் மேல் நின்றது. தாழ்த்தப்பட்ட மக்களை ஒடுக்குவதற்கும் காதலித்தவர்களைத் தண்டிப்பதற்கும் பயன்பட்டது. அதைத் தூசி தட்டி எடுக்க யார் கிளம்பினாலும் நான் எதிர்ப்பேன். எல்லோரும் சமமாக உட்காரும் இடங்கள் நமக்கு வேறு இருக்கின்றன: பால் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பாசன சங்கம், கிராம சபை. அறுவடை இயந்திரத்தை ஆளுக்கொன்று கடனில் வாங்குவதா, சங்கத்துக்கு ஒன்று வாங்குவதா என்பதை அங்கே பேசலாம். சேர்வராயன் மலைச் சரிவில் டிராக்டர் ஏறாத நிலங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் இன்றும் மாடு பூட்டி உழுகிறார்கள், சாமைக்குக் களையெடுக்க அக்கம்பக்கத்தார் சேர்ந்து போகிறார்கள். அங்கே போய் இரண்டு நாள் கூட இருந்து பாருங்கள். பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆமிஷ் பண்ணைகளிலும் எல்லாம் சரியாக இருக்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய நிலத்தில் மாடுகளை நெருக்கி வைத்ததால் சாணத்தின் தழைச்சத்து ஓடைகளில் இறங்கி, சஸ்குவெஹானா ஆற்றின் வழியாகச் செசபீக் விரிகுடாவைக் கெடுத்தது. இப்போது ஓடைக் கரைகளில் வேலி போட்டு, மரம் நட்டு, சாணத்தைச் சேமிக்கும் தொட்டிகள் கட்டுகிறார்கள். இயற்கை உரம் என்றாலும் அளவு மீறினால் நீர்நிலை தாங்காது. கோழிப்பண்ணை எருவை வண்டி வண்டியாகக் கொட்டும் நம் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

என் மகள் பிலடெல்பியாவில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு போகும்போது ஆமிஷ் ஊர்களைப் பார்க்கலாமா?
— ஒரு வாசகி, சேலம் அஸ்தம்பட்டி

தாராளமாகப் பார்க்கலாம். பிலடெல்பியாவிலிருந்து மேற்கே காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று ஆமிஷ் கடை எதுவும் திறந்திருக்காது, அவர்களுக்கும் வழிபாட்டு நாள். முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள், குழந்தைகளை நிறுத்திவைத்துப் படம் எடுப்பதை அவர்கள் மிகவும் வெறுக்கிறார்கள். வீதியில் குதிரை வண்டியின் பின்னால் வந்தால் பொறுமையாக வாருங்கள், ஹாரன் அடிக்க வேண்டாம், குதிரை மிரளும். பிப்ரவரி, மார்ச்சில் போக நேர்ந்தால் ஊர்த் தீயணைப்புக் குழுக்களுக்கு நிதி திரட்ட நடக்கும் ஏலங்களுக்குப் போங்கள். பனி உருகிய சேற்றில் கால் புதைய நின்றுகொண்டு பழைய கலப்பை முதல் தையல் விரிப்பு வரை ஏலம் கேட்பார்கள். ஆமிஷ்காரர்களும் மற்றவர்களும் கலந்து நிற்கும் இடம் அது, பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். மழைக் காலணி எடுத்துச் செல்ல மறந்துவிடாதீர்கள். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், பாதையோரக் காய்கறிக் கடைகளில் பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.